தூதருடன் வந்தவள்

தூதர்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் ஜனாதிபதி என்றுதான் செய்தித்தாளில் எழுதுவார்கள். ஜனாதிபதி கையெழுத்துத்தான் போடுகிறார். அதற்குப் பிறகு அந்த ஆளைச் சட்டை மடிப்புக் கலையாமல் கூட்டிக்கொண்டுபோய், நியமன ஆணையத்தின் முன்னால் உட்காரவைத்து, செனட்டர்களும் கீழ்ச்சபை உறுப்பினர்களும் தலையாட்டும்வரை பின்னால் நின்று வியர்ப்பவள் நான். பெயர் பெர்லா கியாம்பாவ். மணிலாவில், வெளியுறவுத் துறையில் எனக்கு ரொம்ப காலமாக இதுதான் வேலை. எந்த செனட்டருக்கு எந்த ஊர் மாம்பழம் பிடிக்கும், யார் எதிரே யாரை உட்காரவைத்தால் வம்பு வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தூதர் ஆகப்போகிறவர்கள் என்னிடம் குழந்தை மாதிரி பணிந்து நடப்பார்கள். ஆனதும் என் பெயரையே மறந்துவிடுவார்கள். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, எரிச்சல்தான் பட்டிருக்கிறேன்.

தியோடுலோ அர்செனாஸ் வேறு ரகம். அவர் யாரையும் மறப்பவர் அல்ல. சத்தம் போடமாட்டார், கழுத்துப்பட்டையை அடிக்கடி சரிசெய்வார், லிஃப்டில் கடைசியாக ஏறுவார். துறையில் அடிமட்டத்திலிருந்து வந்தவர். போன மாதம்வரை ஒரு பாலைவன நாட்டில், தூதர் நாற்காலி காலியாக இருந்ததால், பொறுப்பு அதிகாரியாக இருந்தார். இப்போது ஜனாதிபதி அவரை அதே நாட்டுக்கே தூதராக நியமித்திருந்தார். நம் ஊர்ப் பெண்கள் லட்சக்கணக்கில் வீட்டு வேலை செய்கிற நாடு அது. அங்கே தூதராகப் போவது லேசான காரியம் இல்லை, ஆனால் பெயர் கிடைக்கும்.

அவருக்கு இது மூன்றாவது முயற்சி. கூட்டத்தொடர் முடிந்து சபை கலையும் நாளுக்குள் ஆணையம் ஒப்புதல் கொடுக்காவிட்டால் நியமனம் தானாகவே செத்துப்போகும். மறுபடி ஜனாதிபதி கையெழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் செய்த தப்பு எதுவும் இல்லாமலே இரண்டு தடவை அப்படி ஆகிவிட்டது. ஒரு தடவை செனட்டர்கள் தங்களுக்குள் சண்டை, இன்னொரு தடவை புயல். இந்தத் தடவையும் நழுவினால் ஓய்வு வயது வந்துவிடும். அவர் மனைவி கார்மெலிங் மேடம் பெட்டி கட்டிப் பெட்டி பிரித்து அலுத்துப்போயிருந்தார். எப்படியாவது இவரைக் கரை சேர்த்துவிட வேண்டும் என்று நானும் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

ஆணையத்தின் விசாரணைக்கு முந்தைய நாள் ஒரு இழவு வீட்டுக்குப் போகலாம் என்றது நான்தான். அந்தப் பாலைவன நாட்டிலிருந்து ஒரு பெண்ணின் உடல் வந்திருந்தது. அனலின் டாகுமோஸ், வீட்டு வேலை செய்தவள், மாடியிலிருந்து தவறி விழுந்தாள் என்று அறிக்கை. ஊர் புலாகான் மாகாணத்தில். ஆணையத்தில் தூதர்களை விசாரிக்கும் குழுவின் தலைவர் செனட்டர் பலூயோட்டும் அதே மாகாணத்துக்காரர். அர்செனாஸ் அங்கே போய்த் தலையைக் காட்டினால் செனட்டரின் ஆட்கள் பார்ப்பார்கள், செனட்டர் காதுக்குப் போகும், விசாரணை வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல் முடியும். இதுதான் என் கணக்கு. இதைக் கேட்டதும் அர்செனாஸின் முகம் சுண்டிப்போனது. அவசியம் போக வேண்டுமா, வேறு யாரையாவது அனுப்பக்கூடாதா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். வெயிலுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டுநர் டொமெங் வண்டியை எடுத்தான். போய்ச் சேர்ந்தபோது வீட்டின் முன்னால் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, ஒரு மூலையில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. இழவு வீட்டில் சீட்டு ஆடுவது தவறில்லை, ராத்திரி பகலாக விழித்திருக்க ஆள் வேண்டுமே. காபி வந்தது, பிஸ்கட் வந்தது. அனலினின் தாய் பாசிங் அம்மா அழவில்லை. அழுது முடித்த முகம் அது. சவப்பெட்டியின் கண்ணாடிமேல் ஒரு கோழிக்குஞ்சை விட்டிருந்தார்கள். மஞ்சள் நிறம், கண்ணாடியில் கால் வழுக்கி வழுக்கி நடந்தது.

கொலையுண்டவர்களின் பெட்டிமேல்தான் குஞ்சை விடுவார்கள். கொன்றவனின் மனசாட்சியை அது கொத்திக்கொண்டே இருக்கும், அவனைத் தூங்க விடாது என்பது ஐதீகம். அறிக்கையில் தவறி விழுந்தாள் என்று இருந்தது. தாய் அதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குஞ்சை விட்டிருந்தார், அவ்வளவுதான்.

அர்செனாஸ் பெட்டி அருகே போய்க் குனிந்தார். அதுவரை சும்மா நடந்துகொண்டிருந்த குஞ்சு, அவர் முகத்துக்கு நேர் கீழே வந்து கண்ணாடியைக் கொத்த ஆரம்பித்தது. டொக், டொக், டொக். அவர் பின்வாங்கினார். குஞ்சு நிறுத்தவில்லை. சீட்டாடியவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். குஞ்சு என்றால் கொத்தத்தானே செய்யும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பாசிங் அம்மா அவரிடம் வந்து நின்றார்.

“சார் அங்கதானே இருந்தீங்க? எம்பொண்ணைப் பாத்திருக்கீங்களா?”

“நெறைய பேர் வருவாங்கம்மா,” என்றார் அர்செனாஸ்.

“ஆமா, நெறைய பேர்தான்,” என்றார் அவர். அதற்குமேல் கேட்கவில்லை. காபி ஆறுகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது வழியனுப்ப யாரும் எழுந்திருக்கவில்லை. இழவு வீட்டார் வழியனுப்பக் கூடாது. செனட்டர் அலுவலகத்திலிருந்து ஏதாவது தேவைப்படலாம் என்று ஒரு பக்கத்து வீட்டுப் பையனிடம் பாசிங் அம்மாவின் போன் எண்ணை நான் வாங்கிக்கொண்டேன். பழக்கதோஷம்.

இழவு வீட்டிலிருந்து நேராக அடுத்த காரியத்துக்குப் போகக் கூடாது. எங்காவது இறங்கி, ஒரு கடையில் எதையாவது தின்று, கூட வந்ததை அங்கேயே உதறிவிட்டுத்தான் போக வேண்டும். இறங்காவிட்டால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். படித்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் இறங்காமல் போகிறவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. டொமெங் கேட்காமலே ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கினான். அவன் இறங்கி ஒரு பொரித்த வாழைப்பழம் வாங்கினான். நானும் இறங்கிக் கழிப்பறைக்குப் போய், வரும் வழியில் ஒரு மிட்டாய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அர்செனாஸ் இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து செனட்டர் பலூயோட்டின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. உடனே வந்தால் செனட்டர் பார்ப்பார், இல்லாவிட்டால் பார்க்கமாட்டார். அர்செனாஸ் போனைக் காதில் வைத்தபடி எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“சார், ஒரு நிமிஷம் கால மட்டும் கீழ வச்சிட்டு ஏறிடுங்க,” என்றான் டொமெங்.

“இதுக்கெல்லாம் நேரம் இல்ல டொமெங். வண்டிய எடு.”

டொமெங் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய? செனட்டரா, செத்தவளா என்றால் என் உத்தியோகத்தில் செனட்டர்தான். ஏறி உட்கார்ந்தேன். நான் முன்னால் டொமெங் பக்கத்தில், அர்செனாஸ் பின்னால் தனியாக. கொஞ்ச தூரம் போனதும் டொமெங் உள் கண்ணாடியை ஒரு விரலால் மேலே திருப்பி, கூரையைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டான்.

“என்னடா?” என்றேன் மெதுவாக.

“ஒண்ணுமில்லக்கா. நீங்க பின்னாடி திரும்பாம வாங்க.”

மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாத மழை, மணிலா நுழையும்போதே சாலையில் முழங்கால் தண்ணீர். வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து அர்செனாஸ், வண்டியில் எங்கோ ஒரு சத்தம் கேட்கிறது, ஏதோ தளர்ந்துபோயிருக்கிறது, பார் என்றார். டொமெங் பார்க்கிறேன் சார் என்றான், பார்க்கவில்லை. எனக்கு மழைச் சத்தம்தான் கேட்டது. அப்படித்தான் அன்று எனக்குள் அடித்துச் சொன்னேன்.

செனட்டர் அலுவலகத்தில் எங்களை உள்ளறையில் உட்காரவைத்தார்கள். செயலாளர்ப் பெண் காபித் தட்டோடு வந்தாள். எனக்கு ஒரு கோப்பை, அர்செனாஸுக்கு ஒரு கோப்பை, எங்களுக்கு நடுவில் காலியாக இருந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு கோப்பை. வைத்த பிறகுதான் நாற்காலியைப் பார்த்தாள். முகம் குழம்பியது. மூன்று பேர் வருவதைப் பார்த்த மாதிரி இருந்தது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுக்கப்போனாள்.

“இருக்கட்டும்மா,” என்றார் அர்செனாஸ்.

அந்தக் காபி ஆறி ஆடை கட்டும்வரை அங்கேயே இருந்தது. செனட்டர் வந்தார், என் கணக்குப்படியே எல்லாம் நடந்தது. இழவு வீட்டுக்குப் போய்வந்தது அவர் காதுக்கு ஏற்கெனவே வந்துவிட்டதாம். நம் ஊர்ப் பெண்ணுக்கு மரியாதை செய்தீர்கள் என்று அர்செனாஸின் தோளில் தட்டினார். நாளைக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை என்றார். வெளியே வந்ததும் நான் சிரித்தேன். அர்செனாஸ் சிரிக்கவில்லை. டொமெங் எங்களை இறக்கிவிட்டுவிட்டு, வண்டியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு, வீட்டுக்கு ஷேர் வண்டியான ஜீப்னியில் போனான்.

மறுநாள் காலை ஆணையத்தில் திருவிழாக் கூட்டம். சபை கலைவதற்கு முந்தைய கடைசி நாள் எப்போதும் அப்படித்தான். எங்கள் தூதர்களும் தலைமைத் தூதரக அதிகாரிகளும் ஒரே கட்டாக வருவார்கள். ஒரே கட்டாகத்தான் ஒப்புதலும். ஒருவரை நிறுத்தினால் எல்லாரும் நிற்பார்கள், அதனால் யாரும் யாரையும் நிறுத்தமாட்டார்கள். குடும்பங்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும். பெண்கள் அன்னாசி நாரில் நெய்த உடையில், ஆண்கள் அதே நாரில் சட்டையில், பேரப்பிள்ளைகள் சாக்லேட் வாயோடு. விசாரணை என்றால் கேள்வியெல்லாம் அதிகம் இருக்காது. தலைவர் ஒவ்வொருவரையும் எழுப்பிக் குடும்பத்தை அறிமுகம் செய்யச் சொல்வார். குடும்பம் எழுந்து நிற்கும், எல்லாரும் கைதட்டுவார்கள். அது எங்கள் வழக்கம். அந்தக் கைதட்டலுக்காகவே சில மனைவிகள் தையல்காரரிடம் மாதக்கணக்கில் அலைவார்கள்.

அர்செனாஸ் தூங்கியிருக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கார்மெலிங் மேடம் வந்திருந்தார், மகன் வந்திருந்தான். மேடம் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்தார், பிறகு ஏனோ எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அறை நிறைந்து, ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஒரு நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. இரண்டு பேர் அதை நோக்கி வந்து, மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். பார்க்கவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. நான் கூட்டிவந்தவர்களில் இரண்டு பேர் முடிந்து, அர்செனாஸ் மைக் முன்னால் போய் உட்கார்ந்ததும் கேட்டது. டொக், டொக், டொக். சுவரில் மாட்டியிருந்த ஒலிப்பெட்டிகளிலிருந்து அறை முழுக்க. ஒலி அமைப்பாளன் ஓடிவந்து மைக்கை மாற்றினான். மாற்றிய மைக்கிலும் அதே. அர்செனாஸின் இரண்டு கைகளும் மேசைமேல் அசையாமல் இருந்தன.

“நம்ம ஆணையத்துல மரங்கொத்தி வளக்கறது யாருப்பா?” என்றார் செனட்டர் பலூயோட். எல்லாரும் சிரித்தார்கள். அவர் அர்செனாஸைப் பார்த்து, நேற்று எங்கள் மாகாணத்துக்கு வந்ததற்கு நன்றி சொல்லி, அதைக் குழுவினருக்கும் எடுத்துச் சொல்லி, பிறகு குடும்பத்தை அறிமுகப்படுத்தச் சொன்னார்.

அர்செனாஸ் எழுந்தார். மனைவியின் பெயரைச் சொன்னார். மேடம் எழுந்து நின்றார், கைதட்டல். மகன் பெயரைச் சொன்னார், கைதட்டல். அவ்வளவுதான், உட்கார வேண்டியதுதான். அவர் உட்காரவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துத் திரும்பினார்.

“இவங்க அனலின் டாகுமோஸ்.”

கைதட்டத் தூக்கிய கைகள் சில அப்படியே நின்றன. சத்தம் நின்றுவிட்டது. டொக் டொக் என்ற அந்தச் சத்தம், யாரோ காது கொடுத்துக் கேட்பதற்காக மூச்சை அடக்கினாற்போல் நின்றுவிட்டது.

“எங்க குடும்பம் இல்ல. நேத்திலேர்ந்து என்கூட இருக்காங்க. எங்க தூதரகத்துக்குப் பின்னாடி ஒரு காப்பகம் இருக்கு. முதலாளி வீட்லேர்ந்து அடி தாங்காம ஓடி வர்றவங்க தங்கற எடம். இவங்க வந்த வாரம் மணிலாலேர்ந்து பெரியவங்க பாக்க வர்றதா இருந்தது. காப்பகம் காலியா இருந்தா நம்ம பேரு நல்லா இருக்கும்னு நெனச்சேன். இவங்க வாசல்ல வந்து நின்னாங்க. கால்ல செருப்பு இல்ல. வெராந்தாவுல படுத்துக்கறேன் சார்னாங்க. நான் விடல. முதலாளிக்கு நானே போன் பண்ணினேன். அவர் கார் வந்ததும் கதவைத் திறந்து நானே ஏத்தி விட்டேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லல. நான்தான் செஞ்சேன்.”

இவ்வளவு நாள் நான் தூக்கிச் சுமந்தது இந்த மனிதனையா என்று ஆத்திரம் வந்தது. அதே நேரத்தில், அவர் குரல் உடையாமல் ஒவ்வொன்றாகச் சொன்ன விதத்தில் அவர்மேல் இரக்கமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

செனட்டர் பலூயோட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், போட்டுக்கொண்டார். அரசியலில் நரைத்தவர், எதிலும் அகப்படாதவர். இனி வெடிக்கும் என்று நான் காத்திருந்தேன்.

“நியமனம் பெறுபவரோட பணிவை இந்தக் குழு குறிப்பில எடுத்துக்குது,” என்றார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்த கீழ்ச்சபை உறுப்பினருக்கு மதிய விமானம். ஊரில் புனிதர் திருவிழா. அவர் கையைத் தூக்கி, கட்டு முழுவதற்கும் ஒப்புதல் அளிக்கும்படி முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். எதிர்ப்பு உண்டா என்று தலைவர் கேட்டார். சுவரோரம் உட்கார்ந்திருந்த குடும்பங்களைப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள், நார் உடைகள், கட்டின பெட்டிகள். சுத்தியல் விழுந்தது. பின்னாலிருந்து யாரோ பழக்கத்தில் கைதட்ட ஆரம்பிக்க, எல்லாரும் தட்டினார்கள். கார்மெலிங் மேடம் தட்டவில்லை. அவர் தன் பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் இருக்கப் பெருமுயற்சி செய்துகொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் அர்செனாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன், பெர்லா.”

நான் கடுப்பாகத்தான் பேசினேன். வேண்டாம் என்றால் நீங்களே விலகிக்கொள்ளலாமே, ஒரு வரி போதும், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

“அந்த தைரியம் இருந்திருந்தா அன்னைக்கே வாசலத் திறந்திருப்பேன்.”

இப்படியும் ஒரு கோழை! தன் கழுத்தில் தானே சுருக்குப் போட்டுக்கொண்டு, முடிச்சை இறுக்க ஊரைத் தேடுகிறார். அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் படிக்கட்டுக்கு வந்தேன். குழு பரிந்துரைத்ததை மதியம் முழு ஆணையம் கூடித்தான் உறுதி செய்யும். அதற்குள் யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்து எதிர்ப்புக் கொடுக்கலாம். பிச்சைக்காரர் கொடுத்தாலும் படித்துத்தான் ஆக வேண்டும். பெற்ற தாய் கொடுத்தால் எந்தச் செனட்டரும் மேசைக்கு அடியில் தள்ள முடியாது. என் வேலை போனால் போகட்டும் என்று பாசிங் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. விசாரணையை நேரலையாகக் காட்டுவார்கள். இழவு வீட்டில் யாருடைய போனிலோ பார்த்துக்கொண்டிருந்தார்களாம். சீட்டாட்டத்தை நிறுத்திவிட்டார்களாம். நான் யார் என்று சொல்லிவிட்டு, என்ன செய்யலாம் என்று விளக்கினேன். வண்டி அனுப்புகிறேன், நோட்டரி பிடித்துத் தருகிறேன், நீங்கள் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் அந்த ஆள் தூதர் ஆகமாட்டார் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

“அவரை நிறுத்தினா, அங்க யாரு போவாங்க?”

“வேற ஒருத்தரைப் போடுவாங்கம்மா.”

“அந்த வேற ஒருத்தரு ராத்திரி நல்லாத் தூங்குவாரா?”

எனக்கு அந்தப் பதவிக்கு வரிசையில் காத்திருக்கிறவர்களைத் தெரியும். ஒவ்வொருவரையும் தெரியும். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“தூங்குவாரும்மா.”

“அப்ப வேணாம். தூங்காதவரே போகட்டும்.”

அம்மா, அவர் உங்கள் மகளை என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

“எனக்குத் தெரியும். அவரு குனிஞ்சப்பவே தெரியும். குஞ்சு காட்டிக் குடுத்துருச்சு. அவரு வீட்ல உக்காந்து அழுதா எனக்கு என்ன லாபம் மேடம்? அங்க போகட்டும். எம்பொண்ணும் அவரு கூடவே போகட்டும். எந்தப் பொண்ணு வந்து அந்த வாசல்ல நின்னாலும், அவ போய் இவரை எழுப்பி விடுவா.”

போனில் குஞ்சின் கீச்சுச் சத்தம் கேட்டது. யாரோ ஜெபமாலை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அதன் நடுவே பாசிங் அம்மா அழுவது கேட்டது.

“பத்து வருஷமா அவளுக்கு ஒரு நாள் லீவு இல்ல. இப்பதான் வந்து படுத்தா. மறுபடியும் அங்கயே வேலைக்கு அனுப்பறேன் பாருங்க.”

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டி நார் உடைகள் போய்க்கொண்டிருந்தன. எத்தனையோ பேரை அந்தக் கட்டடத்தின் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். யாரை அனுப்பும்போதும் நான் அழுததில்லை.

மதியம் முழு ஆணையம் கூடியது. கட்டை மொத்தமாக வாசித்தார்கள். அர்செனாஸின் பெயர் வந்தபோது நான் அவரைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது ஓடிவந்து நிறுத்துவார்கள் என்பதுபோல். யாரும் வரவில்லை. உறுதியானது. வாழ்த்தியவர்களுக்கெல்லாம் கைகொடுத்தார், ஒவ்வொரு கையையும் இரண்டு கையால் பிடித்து. கூட்டம் கரைந்த பிறகு என்னிடம் வந்தார்.

“எதிர்ப்பு ஒண்ணும் வரலியா?”

“வரல சார்.”

“அந்த அம்மா?”

பாசிங் அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தூங்காதவரே போகட்டும் என்றதைச் சொன்னேன். மறுபடியும் வேலைக்கு அனுப்புகிறேன் என்றதையும் சொன்னேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன், மறைக்க மாட்டேன். அவர் கேட்டு முடிக்கும்வரை கழுத்துப்பட்டையைத் தொடவே இல்லை. சரி என்றார். எப்போது விமானம் என்று கேட்டார். வார இறுதியில் என்றேன்.

கிளம்பினோம். அந்த அறையின் கதவு கனமானது, தானாக மூடிக்கொள்ளும் வகை. அவர் முன்னால் போய் அதை இழுத்துத் திறந்து, முதுகால் தாங்கிக்கொண்டு, எனக்கு வழிவிட்டு நின்றார். நான் வெளியே போய்விட்டேன். அவர் கதவை விடவில்லை. தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, இன்னும் ஒருவர் தாண்டிப் போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.